அறுபதுக்கு மேல் வயிற்றுச் சுற்றை அளப்பது எப்படி?

"இருபது வருஷமாக என் எடை 62 கிலோவைத் தாண்டவில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும். வயது ஏற ஏறக் கை, தொடைகளில் தசை கரையும். வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். இரண்டும் ஈடாகிவிட்டால் எடை மெஷினில் எந்த மாற்றமும் தெரியாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், முன்பு தொடையிலும் பின்புறத்திலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது.

தொடைக் கொழுப்பு இதயத்துக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு அப்படியல்ல. அதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. 52 நாடுகளில் நடந்து 2005இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்போடு பிஎம்ஐயைவிட (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்த எண்) வயிறு–பின்புற விகிதத்துக்குத்தான் நெருங்கிய தொடர்பு தெரிந்தது.

தேவையானது ஓர் இஞ்ச் டேப். தையல் பெட்டியில் பல வருஷம் கிடந்த டேப் இழுபட்டு நீண்டிருக்கும். அது வயிற்றைக் குறைத்துக் காட்டும். இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், 30 செ.மீ.க்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள்.

காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் அளக்க வேண்டும். வேட்டி முடிச்சு, பெல்ட், பாவாடை நாடா எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள். நாடா பதிந்த பள்ளத்திலேயே டேப்பை வைத்து அளப்பது பெண்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே சதை உள்ளே அமுங்கியிருப்பதால் அளவு குறைவாக வரும். ஆண்களிடம் வேறு தவறு. பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதால் "என் சைஸ் இன்னும் 34தான்" என்பார்கள். பேண்ட் சைஸ் வயிற்றின் அளவே அல்ல.

அளவு கொடுப்பவர் நேராக நிற்கட்டும், கை தொங்கட்டும். தடுமாற்றம் உள்ளவருக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று வேண்டும். அக்குளிலிருந்து நேர் கீழே விரலால் தடவி வந்தால் கடைசி விலா எலும்பின் அடி விளிம்பு தட்டுப்படும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. அதே கோட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப் போக வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள். வயிறு தொங்கியவருக்குத் தொப்புளும் இறங்கியிருக்கும். முதுகு கூன் விழுந்தவருக்கு விலாவும் இடுப்பெலும்பும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே அளந்து, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் முதுகுப் பக்கம் சரிந்துவிடும், பின்னால் போய்ப் பாருங்கள். தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வயிற்றை எக்கச் சொல்லாமல், இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் அளவைப் படியுங்கள். இரண்டு முறை அளந்து, 1 செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் சராசரி எடுங்கள். அதற்கு மேல் போனால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அளங்கள்.

நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பதே எல்லை. அமெரிக்க அட்டவணையில் இருக்கும் 102, 88 நமக்குப் பொருந்தாது. வயிற்றுச் சுற்று உயரத்தில் பாதிக்குள் இருப்பதும் நல்ல அடையாளம். பின்புறம் அதிகம் புடைத்த இடத்தையும் அளந்து, வயிற்றுச் சுற்றை அதால் வகுத்தால் ஆணுக்கு 0.90, பெண்ணுக்கு 0.85 தாண்டக் கூடாது. உதாரணமாக 152 செ.மீ. உயரம், 54 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு பிஎம்ஐ 23.4, உலகக் கணக்கில் நார்மல். வயிறு 84, பின்புறம் 94 என்றால் மூன்று கணக்கிலும் எல்லை தாண்டியிருக்கிறார்.

உயரத்தையும் இப்போது புதிதாக அளங்கள். முதுகெலும்பு தேய்ந்து 160 செ.மீ. உயரம் 155 ஆனால், அதே 65 கிலோவுக்கு பிஎம்ஐ 25.4இலிருந்து 27.1 ஆகத் தாவும். ஒரு கிராம் கொழுப்புகூடச் சேர்ந்திருக்காது. இளவயது உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் எலும்புத் தேய்மானத்துக்காக டாக்டரைப் பாருங்கள்.

தசையைப் பார்க்காமல் இந்தச் சோதனை பாதிதான். உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றி, கெண்டைக்கால் பருத்த இடத்தை அளங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கலாம். முன்னங்காலை விரலால் அழுத்திக் குழி விழுந்தால் அது நீர் வீக்கம். அந்த அளவை நம்பக் கூடாது. பிறகு, சுவரோடு ஒட்டிய நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசைக்கு வலு போதாது. வயிறு பெருத்து, காலும் மெலிந்தவருக்குத்தான் அதிகக் கவனம் தேவை. அவர் எடை குறைக்கப் பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் போய்விடும். பருப்பு, முட்டை, மீன், தயிர் வேண்டும். தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் உடலில் மின்சாரம் செலுத்தித் தண்ணீரைக் கணிக்கிறது. தண்ணீர் குடிக்காத காலையில் ஒரு எண், கால் வீங்கிய மாலையில் இன்னொரு எண். பேஸ்மேக்கர் வைத்தவர் அதில் ஏறவே கூடாது.

வயிறு எல்லை தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனை எடுங்கள். ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், எச்டிஎல் எனும் நல்ல கொழுப்பு ஆணுக்கு 40க்குக் கீழ் அல்லது பெண்ணுக்கு 50க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல்: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே டாக்டரிடம் இதயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். வயிறு ஒட்டியிருந்தும் புகைப்பவருக்கு ஆபத்து இருக்கத்தான் செய்யும்.

மாதம் ஒரு முறை அளந்தால் போதும். ஆனால் சில நாளிலேயே வயிறு உப்பி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது கொழுப்பல்ல, நீர். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆகிவிட்டால், வயிறு குறைந்ததே என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.