ஊரை விட்டுப் போனவர்களிடம் “ஏன் போனீங்க?” என்று கேட்காதீர்கள்

உங்கள் ஊரிலிருந்து யார், எப்போது, எங்கே கிளம்பிப் போனார்கள் என்று எழுதிவைக்க ஆசையா? நல்லது. ஆனால் எடுத்த எடுப்பில் “ஏன் போனீங்க?” என்று கேட்டால் “மழை இல்ல, பொழப்பு இல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய் இல்லை. அதே மழை இல்லாத தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் போகவில்லை என்பதற்குத்தான் அதில் பதில் கிடையாது. நான் ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியை, முதுகுளத்தூர், கமுதி மாதிரி ஊர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நீள நோட்டில் வருஷங்களை வரிசையாகப் போடுங்கள். பெரியவர்களிடம் ஆங்கில வருஷம் கேட்டால் வராது. கண்மாய் நிறைந்த வருஷம், மடையே திறக்காத வருஷம், மூத்த மகள் சமைந்த வருஷம் என்றுதான் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு, அப்புறம் தேதி தெரிந்த சம்பவங்களோடு பொருத்துங்கள்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்தது, அதையடுத்து 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: “போன அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தீங்க?” மச்சான் ரூமில், பங்காளி கடைப் பரணில், மாமன் மகன் வேலை பார்த்த கம்பெனி வாசலில் என்று பதில் வரும். பஸ்ஸுக்குக் காசு யார் கொடுத்தார், முதல் வேலைக்கு யார் சொல்லிவிட்டார் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், வறட்சிக்குப் பின்னால் நிற்கிற ஆள் வெளியே வந்துவிடுவார். எப்போது கிளம்பினார்கள் என்பதை மழை முடிவு செய்திருக்கும், எந்த ஊருக்கு என்பதைப் பெரும்பாலும் இந்த ஆள்தான். ஒரு தெருவே திருப்பூருக்குப் போவதும் அடுத்த தெரு சென்னைக்குப் போவதும் இப்படித்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அழைத்துப் போன கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சொந்தச் சாதிக்காரர், சில நேரம் உறவுக்காரரே. வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் முன்பணமாகி, கடன் ஒரு துண்டுச் சீட்டில் ஏறி, ஆள் தோட்டம் மாறினாலும் கூடவே போகும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். அதனால் யார் கூட்டிப் போனார் என்று கேட்கும்போது, அவருக்கு எவ்வளவு கடன் பட்டீர்கள் என்றும் கேளுங்கள். செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிப் போகிறவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். கோயில் தலைக்கட்டு வரி நோட்டைப் பார்த்தால் வெளியூரில் இருந்தும் வரி கட்டுகிறவர்கள் யார், எந்த வருஷத்தோடு நின்றுபோனவர்கள் யார் என்று தெரியும். மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர் இருக்கும். (சிலர் போய் இருபது வருஷம் ஆகியும் பழைய ஊர்ப் பெயரிலேயே எழுதுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.) தொகையைப் பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நோட்டு பீரோவை விட்டு வெளியே வராது.

பலரும் கோட்டை விடுவது போகாதவர்களிடம்தான். போகாதவர்கள் எல்லாம் வசதியானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் வீட்டில் போர் தண்ணீர் இருக்கும், சரி. இன்னொருவர் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுச் சமாளித்திருப்பார். ஆனால் பஸ் காசும் இல்லாமல், போய் இறங்கினால் கூப்பிட ஒரு ஆளும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் இருப்பார்கள், அடிபட்டதில் அவர்களுக்குத்தான் அதிகம். போனவர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இன்னொன்று, “மழை இல்ல” என்பதற்குள் சில நேரம் சாதித் தகராறோ, வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணமோ ஒளிந்திருக்கும். தோண்டாதீர்கள், சொன்னாலும் பெயர் போட்டு எழுதாதீர்கள்.

இதற்கெல்லாம் நல்ல நேரம் திருவிழாதான், போனவர்களும் இருப்பவர்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். கிடா விருந்து முடிந்து வேப்பமரத்தடியில் ஆளாளுக்குச் சாய்ந்திருக்கும்போது நோட்டை எடுங்கள்.