ரியர் சைட் ஆடுகிறதா? பசை பாட்டிலைத் திறக்கும் முன்

பிஸ்டலின் பின்முனையில், குறி பார்ப்பதற்காக இருக்கும் அமைப்புதான் ரியர் சைட்; முன்முனையில் இருப்பது ஃப்ரண்ட் சைட். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது: "நேற்று வரை ஒழுங்காக நடுவில் விழுந்தது. இன்று இடமும் வலமுமாகச் சிதறுகிறது. ரியர் சைட் லூஸ் ஆகிவிட்டது." சொன்ன கையோடு ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட் வெளியே வரும். கண்ணில் பட்ட ஸ்க்ரூவுக்கெல்லாம் ஒரு திருகு. அதிலும் சரியாகவில்லை என்றால் பசை. தானாகத் தேய்ந்து கெட்ட ரியர் சைட்டுகளைவிட இந்த அவசரத்தால் கெட்டவைதான் அதிகம் இருக்கும் என்று தோன்றுகிறது.

கொஞ்சம் ஆடினால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே 330 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில், அதாவது 10,000 மி.மீ. வகுத்தால் ஏறக்குறைய 30 வரும். ரியர் சைட் நகர்வதைப் போல 30 மடங்கு, பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) விழும் இடம் நகரும். ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். ஆக, கால் மில்லிமீட்டர் ஆட்டம் ஏறக்குறைய ஒரு முழு வளையத்தைத் தின்றுவிடும். கால் மில்லிமீட்டர் என்பது ஜெராக்ஸ் தாள் இரண்டு மூன்றை அடுக்கிய கனம், அவ்வளவுதான்.

எதையும் தொடும் முன் பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று திறந்து பாருங்கள், குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாகைப் போடுங்கள், காற்றுச் சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். நிரப்பிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. எந்த ஸ்க்ரூ சைட்டுடையது, எது காற்று போகும் பாதையைச் சேர்ந்தது என்று தெரியாமல் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கையேட்டில் உறுப்புகளின் படம் இருக்கும். அதை ஒரு முறை பார்த்துவிட்டுக் கீயைக் கையில் எடுங்கள்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம்: எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமலே இறுக்குவது. ரியர் சைட் ஒரே துண்டு இல்லை. பிஸ்டல் உடலோடு சேர்ந்த அடிப்பாகம், பக்கவாட்டில் நகரும் பகுதி, ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ, நடுவில் வெட்டு உள்ள தகடு, இவற்றை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும் குட்டி ஸ்பிரிங் என்று பல உறுப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தளரும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அடிப்பாகத்தின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும். ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தால் எதை இறுக்கியும் பயனில்லை, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். தகட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்போது அடிப்பாகத்தைப் போட்டு இறுக்கினால் நன்றாக இருந்த மரையும் போகும்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனி பாதி பிஸ்டல் உடல் மீதும் பாதி சைட்டின் அடிப்பாகத்தின் மீதும் படும்படி வையுங்கள். இன்னொரு கையால் தகட்டை இடமும் வலமுமாக மெல்லத் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்; அந்த இணைப்பில் லேசாக ஒரு 'டிக்' இருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் விரலை அடுத்த இணைப்புக்கு மாற்றுங்கள். அப்படியே மேலே போகப் போக எந்த இணைப்பு என்று பிடிபட்டுவிடும். அதன் பிறகும் சந்தேகம் என்றால் இணைப்பின் குறுக்கே நெயில் பாலிஷால் மயிரிழை போல ஒரு கோடு போட்டுக் காய விடுங்கள். ஒரு செஷன் சுட்டுவிட்டு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அந்த இடம் நகர்கிறது. முறியவில்லை என்றால் ரியர் சைட்டைச் சும்மா விடுங்கள்.

ஏனென்றால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கலாம். மர கிரிப் பருவத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். ஈரக்காற்றில் இருந்து ஏ.சி. போட்ட ரேஞ்சுக்குள் கொண்டுபோனால் கிரிப் ஸ்க்ரூ தளர்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. கிரிப் அசைந்தால் அட்டையில் தெரிவதும் ரியர் சைட் அசைந்தால் தெரிவதும் ஒன்று போலவே இருக்கும். ஃப்ரண்ட் சைட்டும் தளரும், அதை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் டிரிகர் விரல். பக்கவாட்டுச் சிதறலுக்கு அதைவிடப் பழைய காரணம் கிடையாது. குரூப்பை (அட்டையில் ஷாட்டுகள் விழுந்த கூட்டத்தை) மட்டும் வைத்து சைட்டின் மீது தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்னொரு வழக்கம், ஆடுகிற சைட்டைக் கிளிக் திருப்பித் திருப்பித் துரத்துவது. சைட்டை நகர்த்தும் ஸ்க்ரூ ஒரு படி திரும்புவதுதான் ஒரு கிளிக். ஒரு ஷாட் இடப்பக்கம் போனதும் இரண்டு கிளிக் வலது, அடுத்தது வலப்பக்கம் போனதும் மூன்று கிளிக் இடது. ஆட்டம் இருக்கும் வரை இதற்கு முடிவே இல்லை. போதாக்குறைக்கு முன்பு எந்த இடத்தில் இருந்தது என்பதும் மறந்துபோகும். இதோடு குழப்பிக்கொள்கிற வேறு ஒரு விஷயமும் உண்டு. கிளிக் ஸ்க்ரூவை ஒரு திசையில் திருப்பிக்கொண்டே வந்து சட்டென்று எதிர்த்திசையில் ஒரு கிளிக் திருப்பினால் சில சைட்டுகளில் எதுவுமே நகராது. மரைக்குள் இருக்கும் இடைவெளியை ஸ்க்ரூ முதலில் கடக்க வேண்டும். அதைப் பழுது என்று நினைத்து இறுக்கப் போகாதீர்கள். வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு கிளிக் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிறுத்துகிற பழக்கம் போதும்.

இறுக்க வேண்டிய ஸ்க்ரூ இதுதான் என்று தெரிந்துவிட்டது. இப்போது கருவி. வீட்டு ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். சைட் ஸ்க்ரூவின் வெட்டோ நேர்ச்சுவர் உள்ளது. நுனி பள்ளத்தின் விளிம்பில் மட்டும் உட்காரும், அழுத்தித் திருப்பியதும் மேலேறி வழுக்கும், கூடவே கறுப்புப் பூச்சில் பளிச்சென்று ஒரு கீறல். பக்கங்கள் இணையாக அரைத்த துப்பாக்கி ஸ்க்ரூ டிரைவர் நுனிகள் தனியாகக் கிடைக்கும். வெட்டின் அகலமும் நீளமும் நிரம்புகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆலன் கீயில் மில்லிமீட்டர், அங்குலம் இரண்டையும் கலப்பது அடுத்த ஆபத்து. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது 1.59 மி.மீ. அந்த அளவு ஸ்க்ரூவுக்குள் 1.5 மி.மீ. கீ ஜம்மென்று போகும். திருப்பும்போதுதான் அறுகோணத்தை வட்டமாக்கிவிட்டு வெளியே வரும். ஐரோப்பிய மேட்ச் பிஸ்டல் என்றால் மில்லிமீட்டர். அமெரிக்க சைட் என்றால் பெரும்பாலும் அங்குலம்.

எவ்வளவு இறுக்குவது? சைட்டில் இருப்பவை குட்டி ஸ்க்ரூக்கள், பல பிஸ்டல்களில் அவை இறங்குவது அலுமினியத்தில். 'எல்' வடிவ கீயின் நீளமான காலை ஸ்க்ரூவுக்குள் விட்டு, குட்டைக் காலை இரண்டு விரலால் திருப்புங்கள். விரல் தாங்குகிற வரை போதும். மாற்றிப் பிடித்தால் நெம்பும் பலம் பல மடங்கு கூடி, அலுமினிய மரை சத்தமில்லாமல் உரிந்துவிடும். அப்புறம் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

பசை விஷயத்தில்தான் நம் ஊர்க் கைவண்ணம் முழுதும் வெளிப்படும். ஃபெவிக்விக், எம்-சீல், குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப் எல்லாவற்றையும் சைட்டில் பார்க்கலாம். ஃபெவிக்விக் வகைப் பசை காயும்போது சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், சைட்டின் கறுப்பைக் கெடுக்கும். இறுகிய பின் அதிர்ச்சி தாங்காமல் முறியவும் செய்யும். எம்-சீல் போட்டால் நாளைக்குச் சைட்டை நகர்த்தவே முடியாது. டெஃப்லான் டேப் வழுக்குவதற்கென்றே உள்ள பொருள். தளரும் ஸ்க்ரூவுக்கு அதைப் போடுவதில் என்ன நியாயமோ.

சரியான பொருள், ஸ்க்ரூ மரையைத் தளராமல் பிடிக்கும் திரவமான த்ரெட் லாக்கர்தான். அதிலும் நிறம் பார்க்க வேண்டும். லாக்டைட் வரிசையில் 222 ஊதா, சின்ன ஸ்க்ரூக்களுக்கான குறைந்த பிடி. 243 நீலம், நடுத்தரம். 271 சிவப்பு, கழற்றுவதற்கு 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். சைட்டுக்கு ஊதா போதும், மிஞ்சிப்போனால் நீலம். "இனி ஆடவே கூடாது" என்று சிவப்பை ஊற்றுகிறவர், அடுத்த முறை அதைக் கழற்றத் தீயைத் தேட வேண்டும். அந்தச் சூட்டை ஸ்பிரிங்கும் பூச்சும் தாங்காது.

இந்தத் திரவம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும். காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால் மட்டுமே அது இறுகும். பாட்டில் வாங்கும்போதே முழுதாக நிரம்பியிருக்காததற்கு அதுதான் காரணம். உள்ளே காற்று இருந்தால்தான் திரவமாகவே இருக்கும், ஏமாற்று வேலை இல்லை. ஆகவே இறுக்கிய ஸ்க்ரூவின் தலைமேல் சாதாரண நீலத்தைச் சொட்டிவிட்டால் அது பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், ஸ்க்ரூவையும் துளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும், நன்றாக உலர்ந்த பிறகு மரையில் குண்டூசித் தலை அளவு ஒரு சொட்டு. இறுக்கியதும் 24 மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். மதியம் போட்டுவிட்டுச் சாயங்காலம் மேட்ச் சுடப் போனால் முழுப் பிடி வந்திருக்காது. பிளாஸ்டிக் உறுப்பு அருகே இருந்தால் எச்சரிக்கை. சில வகைப் பிளாஸ்டிக்கில் இந்தத் திரவம் விரிசல் விழ வைக்கும். கிளிக் ஸ்க்ரூக்களில் இதை ஒருபோதும் போடக் கூடாது. அவை சுழல்வதற்காகவே இருப்பவை, அவற்றைப் பிடிப்பது ஸ்பிரிங்கின் வேலை.

வேலை முடிந்ததும் "ஒரு ஸ்ப்ரே அடித்துவிடலாம்" என்று டபிள்யூ.டி.-40 அடிப்பவர்களும் உண்டு. இண்டு இடுக்கில் ஊடுருவுவதுதான் அதன் குணம். துடைத்து உலர்த்தியதெல்லாம் வீண்.

25 மீட்டரில் சுடுகிற .22 பிஸ்டல்களும் சர்வீஸ் பிஸ்டல்களும் வேறு கதை. ஏர் பிஸ்டலுக்கு, .177 அங்குல விட்டமும் 20 ஜூலுக்குள் சக்தியும் என்றால், இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மற்ற துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். எனவே உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுங்கள். இருந்தாலும் அங்கே என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது, பக்கத்தில் நின்று கவனிக்கலாம் அல்லவா.

பல பிஸ்டல்களில் ரியர் சைட், மேலே குறுகி அடியில் அகன்ற ஒரு குறுக்குப் பள்ளத்தில் பக்கவாட்டிலிருந்து தட்டி ஏற்றப்பட்டிருக்கும். இறுக்கம்தான் அதன் பிடி. சிலவற்றில் மேலிருந்து இறங்கும் ஒரு குட்டி ஸ்க்ரூவும் உண்டு. அதைத் தளர்த்தாமல் தட்டுவதுதான் இங்கே முதல் தவறு, பள்ளத்தின் தளம் உழுத நிலம் ஆகிவிடும். அடுத்தது எஃகு பஞ்ச்சால் (தட்டுக் கம்பியால்) அடிப்பது. பித்தளையோ நைலானோதான் வேண்டும், அதுவும் சைட்டின் உயரமான பகுதியில் இல்லாமல் அடிப்பாகத்தில் பட வேண்டும். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) பிஸ்டலிலிருந்து கழற்றி, மெத்தென்ற தாடை வைத்த வைஸில் பிடித்துத்தான் தட்ட வேண்டும். பள்ளமே தேய்ந்து சைட் விரலால் தள்ளினாலே நகர்கிறது என்றால், பள்ளத்தின் தரையில் சென்டர் பஞ்ச்சால் நாலு புள்ளி குத்தி மேடாக்குவது பழைய வித்தை. கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு அந்த மேடுகளும் நசுங்கும். மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை அடியில் வைத்து ஏற்றுவது அதைவிடச் சுத்தமான வேலை. எல்லாவற்றிலும் மேல், கொஞ்சம் பெரிய அளவில் புது சைட் வாங்கி, சைட்டின் அடியை அரத்தால் தேய்த்துப் பொருத்துவது. தேய்க்க வேண்டியது சைட்டை, ஸ்லைடை அல்ல. சைட் போனால் வேறு வாங்கலாம்.

சரிசெய்த சைட்டோடு நேராக மேட்சுக்குப் போகாதீர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. அது சைட் கோளாறு இல்லை, ஆனால் போட்டியின் நடுவில் பழுது பார்ப்பது என்றால் என்ன என்று நாடே பார்த்தது. ஐந்து ஐந்து ஷாட்டாகச் சில குரூப் சுட்டு, குரூப்பின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். ஒற்றை ஷாட்டுக்காகத் திருப்ப வேண்டாம். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரியர் சைட்டை நகர்த்த வேண்டும். ஸ்க்ரூவில் உள்ள அம்புக்குறியை நம்புமுன் கையேட்டைப் பாருங்கள். சில தயாரிப்புகளில் அம்பு, பெல்லட் போக வேண்டிய திசையைக் காட்டும். வேறு சிலவற்றில், குறிப்பாக ஜெர்மன் சைட்டுகளில், 'ஷாட் இந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் திருப்பு' என்று பொருள். அவற்றில் 'எச்' (H) என்றால் மேலே, 'டி' (T) என்றால் கீழே. சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூ கடைசி வரை இறங்க எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணி டைரியில் எழுதிவிட்டு, அத்தனை கிளிக் திரும்பி வாருங்கள். பெட்டியை மூடும்போது மூடியின் ஃபோம் ரியர் சைட்டை அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அழுத்தினால் அந்த இடத்து ஃபோமைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள், பல சைட்டுகள் தளர ஆரம்பிப்பதே அங்கேதான்.