ஐந்தோவன் புறநகரில் வரிசை வீடு வாங்குவது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு

நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரின் ஓரத்தில் உள்ள மேர்ஹோவனில் வாங்கிய வீட்டின் சாவி எங்கள் கைக்கு வந்ததிலிருந்து, மாதத்துக்கு இரண்டு பேராவது தொலைபேசியில் கூப்பிட்டு, இங்கே வீடு வாங்குவது எப்படி என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நிரந்தர வேலையும் டச்சு வங்கிக் கணக்கும் அரசுத் தளங்களில் நுழைய உதவும் மின் அடையாளமான டிஜிடியும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் சொல்வது ரைட்யஸ்ஹௌஸ் என்னும் வரிசை வீட்டைப் பற்றி. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர். கீழே கூடமும் சமையலறையும், மேலே மூன்று படுக்கையறைகள், கூரைக்கடியில் ஓர் அறை, பின்னால் சின்னத் தோட்டமும் சைக்கிள் கொட்டகையும். 1991இல் அரசு வகுத்த வினெக்ஸ் திட்டத்தால் நகரங்களின் ஓரத்தில் எழுந்த குடியிருப்புகளில் இவை ஏராளம். மேர்ஹோவனும் அப்படி வந்ததுதான்.

படி 1: கையிருப்பை எண்ணுங்கள்

வங்கி எவ்வளவு கடன் தரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. வீட்டின் மதிப்பில் 100 சதவீதம் வரை கடன் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது மதிப்பீட்டாளர் எழுதித் தரும் மதிப்பு. நீங்கள் ஒப்புக்கொண்ட விலை அன்று.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். விளம்பரத்தில் 4,75,000 யூரோ. நாங்கள் தருவதாகச் சொன்ன விலை 5,05,000. மதிப்பீடு வந்தது 4,90,000. இடையில் உள்ள 15,000 எங்கள் சேமிப்பிலிருந்து போனது. அதற்கு மேல் 2 சதவீத உரிமை மாற்ற வரி, 10,100. பத்திரம் முடித்துத் தரும் நோட்டரி, கடன் ஆலோசகர், மதிப்பீட்டாளர், கட்டடப் பரிசோதகர், எங்கள் தரகர் என எல்லோருக்குமாக ஏறத்தாழ 9,000. ஆக 34,000 யூரோவுக்கு மேல் கைப்பணம். விளம்பர விலைக்குப் பக்கத்தில் நிற்கும் 'கே.கே.' என்ற இரண்டு எழுத்துகளுக்கு, வரியும் உரிமை மாற்றச் செலவும் வாங்குபவர் தலையில் என்று பொருள். புதிதாகக் கட்டி விற்கும் வீட்டில் அதற்குப் பதிலாக 'வி.ஓ.என்.' என்றிருக்கும், வரியும் உரிமை மாற்றச் செலவும் விலையிலேயே அடக்கம்.

பணத்தின் ஒரு பகுதி ஊரிலிருந்து வருகிறதா? அப்பாவின் வைப்புத்தொகை ரசீது, வங்கி அறிக்கை, அன்பளிப்புக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். எங்கிருந்து வந்த பணம் என்று நோட்டரி கேட்டே தீர்வார்.

படி 2: வீட்டுக்கு முன் ஆலோசகர்

எனக்கு வங்கியின் சொந்த ஆலோசகரைவிடத் தனி ஆலோசகர்தான் பிடிக்கும். வங்கி ஆலோசகர் தன் கடையில் உள்ள சரக்கை மட்டுமே காட்டுவார். வீடு எவ்வளவு ஆற்றலை மிச்சப்படுத்துகிறது என்று காட்டும் ஆற்றல் முத்திரையும் கடன் தொகையைக் கூட்டும்: 2024 முதல் சி, டி முத்திரை வீட்டுக்கு 5,000, ஏ, பி என்றால் 10,000 யூரோ வரை கூடுதலாகக் கணக்கிடலாம். ஆனால் இது உங்கள் வருமானக் கணக்கை உயர்த்துவதுதான். மேலே சொன்ன மதிப்பீட்டுப் பள்ளத்தை நிரப்பாது. இதை நானே தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

படி 3: தேடுதல்

வீட்டு விளம்பரங்கள் வரும் ஃபண்டா தளத்தில் தேடல் எச்சரிக்கை வையுங்கள். பிடித்த வீட்டுக்கு வரிக்காக நகராட்சி வைத்திருக்கும் மதிப்பை வோஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதைச் சில யூரோ கட்டினால் நிலப்பதிவேடு, அதாவது கடாஸ்டர், சொல்லிவிடும். தரகர் சொல்லும் 'இந்தப் பகுதி நிலவர'த்தைவிட அந்தச் சில யூரோ எனக்கு உதவியது.

அமைதியான பகுதி என்று விளம்பரம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மேர்ஹோவன் எழுந்ததே பழைய வெல்ஸ்காப் விமானத்தளத்து நிலத்தில். இன்றைய விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் பார்த்த வீட்டை வார நாள் காலை ஏழு மணிக்கும் போய்த் தெருவில் நின்று கேளுங்கள். நாங்கள் இரண்டு வீடுகளை அப்படித்தான் கைவிட்டோம். பக்கத்து வீட்டின் மாடிப்படி எந்தச் சுவரை ஒட்டிப் போகிறது என்றும் விசாரியுங்கள். குழந்தைகள் ஓடி இறங்கினால் அது உங்கள் கூடத்தில் மத்தளம்.

கௌடா, ரோட்டர்டாம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரத்தூண் அடித்தளம் மட்கிப்போகும் கவலை உண்டு. இங்கே மணல் நிலம், வீடுகளும் புதியவை. இருந்தாலும் பரிசோதகரை வைத்துக்கொண்டோம். காற்றோட்டப் பெட்டி செத்துக் கிடந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

படி 4: விலை கேட்டல், ஒப்பந்தம்

வாய்மொழியாக 'சரி' என்று விற்பவர் சொன்னதும் இனிப்பு வாங்காதீர்கள். எழுத்தில் கையெழுத்தாகும் வரை இரு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. கையெழுத்தான பிரதி கைக்கு வந்த மறுநாளிலிருந்து உங்களுக்கு மூன்று நாள் யோசனை அவகாசம். காரணம் சொல்லாமலே விலகலாம்.

அதன் பிறகு உங்களைக் காப்பது ஒப்பந்தத்தில் உள்ள கடன் நிபந்தனைதான். குறித்த தேதிக்குள் கடன் கிடைக்கவில்லை என்றால் அபராதமின்றி விலகலாம் என்று அது சொல்கிறது. போட்டியில் ஜெயிக்க இதை விட்டுவிடச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். நான் விடவில்லை. தவறினால் அபராதம் விலையில் 10 சதவீதம். எங்கள் கணக்கில் 50,500 யூரோ.

படி 5: வேலை வழங்குபவர் சான்று

இங்கேதான் நான் விழுந்தேன்.

வெர்க்கேவர்ஸ்ஃபர்க்ளாரிங் என்று ஒரு பக்கப் படிவம். வேலையில் சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம், ஒப்பந்த வகை ஆகியவற்றை நிறுவனம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த தேதியைத் தவறாக எழுதி, அடித்து, பக்கத்தில் திருத்திச் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்கள். நம் ஊரில் அது முறையான திருத்தம். கடன் நிறுவனம் நிராகரித்தது. இரண்டாவது படிவத்தில் எல்லாம் தட்டச்சு, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வேறொருவர் நீல மையால் பதில் எழுதியிருந்தார். அதுவும் திரும்பி வந்தது. பொறுப்பாளர் விடுப்பில் போய்விட்டார். பதினொரு நாள் போயிற்று. கடன் நிபந்தனைத் தேதி வெள்ளிக்கிழமை. புதன்கிழமை இரவு நான் தூங்கவில்லை.

வியாழக்கிழமை எங்கள் தரகர் எழுத்தில் அவகாசம் கேட்டு, விற்பவரிடமிருந்து ஒரு வாரம் வாங்கித் தந்தார். அவருக்குக் கொடுத்த கட்டணம் அந்த ஒரு மின்னஞ்சலிலேயே கழிந்துவிட்டது என்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: படிவம் முழுவதும் ஒரே கை அல்லது ஒரே தட்டச்சு, அடித்தல் திருத்தல் கூடாது, ஒரு பிழை என்றாலும் புதுப் படிவம். அல்லது இந்தச் சான்றையே தவிர்த்துவிடுங்கள். தொழிலாளர் காப்பீட்டைக் கவனிக்கும் அரசு அமைப்பான யு.டபிள்யு.வி.யின் தளத்தில் டிஜிடியால் நுழைந்து, உங்கள் வேலை, சம்பள விவரம் உள்ள காப்பீட்டு அறிக்கையை இறக்கலாம். அதை வைத்தே வருமானத்தைக் கணக்கிடப் பல கடன் நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. இறக்கிய கோப்பை அப்படியே அனுப்புங்கள். அச்சிட்டு ஸ்கேன் செய்தால் செல்லாது.

படி 6: நோட்டரி வரை

முன்பணமாக 10 சதவீதம் கேட்பார்கள். அத்தனை ரொக்கம் தேவையில்லை. சிறு கட்டணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்கிக் கொடுக்கலாம். டச்சு போதுமான அளவு தெரியாதென்றால் பத்திரத்தின் போது மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது.

'லைஸ்ட் ஃபன் ஸாக்கன்' என்ற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். எதெல்லாம் வீட்டில் இருக்கும், எதெல்லாம் விற்பவரோடு போகும் என்பது அதில்தான் இருக்கிறது. நாங்கள் விளக்குகள் என்ற வரியைத் தாண்டிவிட்டோம். முதல் இரவு கூரையிலிருந்து வெறும் கம்பிகள் தொங்க, மேசை விளக்கொளியில் உப்புமா சாப்பிட்டோம்.

பின்சேர்க்கை 1: வரி விலக்கைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு வாசகர் கேட்டார். நாங்கள் இருவரும் 35ஐத் தாண்டியவர்கள், அதனால் விட்டுப்போயிற்று. 18 முதல் 34 வயது வரை உள்ளவர்கள் ஒருமுறை மட்டும் உரிமை மாற்ற வரியிலிருந்து விலக்குப் பெறலாம். வீட்டின் மதிப்பு வரம்பு 2025இல் 5,25,000. 2026இல் 5,55,000 யூரோ. ஒரு யூரோ தாண்டினாலும் விலக்கு மொத்தமாகப் போய்விடும். தம்பதியில் ஒருவர் மட்டும் 35க்குக் கீழே என்றால் அவருடைய பங்குக்கு மட்டும் விலக்கு. வயதை நோட்டரியிடம் பத்திரம் முடியும் நாளில் பார்ப்பார்கள், ஒப்பந்த நாளில் அல்ல. அந்த வாசகருக்குப் பிறந்தநாள் அடுத்த மாதம். பத்திர நாளை முன்னுக்கு இழுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பின்சேர்க்கை 2: வெப்ப வலையமைப்பு உள்ள தெருவில் பெரும்பாலும் எரிவாயு இணைப்பு இருக்காது; வெந்நீர் குழாயில் வரும், கொடுப்பது ஒரே நிறுவனம், மின்சாரம் போல ஆளை மாற்ற முடியாது. வீடு பார்க்கும்போதே வாசலுக்கருகே உள்ள மீட்டர் அலமாரியைத் திறந்து பாருங்கள், விற்பவரிடம் கடந்த ஆண்டின் வெப்பக் கட்டண ரசீதைக் கேளுங்கள். நான் கேட்டேன், தயங்காமல் எடுத்துக் காட்டினார்.