இரைப்பை பைபாஸுக்குப் பிறகு வயிற்றுவலியா? 'கேஸ்' என்று தள்ளிவிடாதீர்கள்

நம் வீடுகளில் வயிற்றுவலி என்றால் முதல் தீர்ப்பு 'கேஸ்'தான். ஓமத் தண்ணீர், ஒரு சோடா, அதிலும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் சரிப்பட்டுவிடும். எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பழக்கம் குடலையே பறித்துவிடலாம்.

குடலிறக்கம் என்றதும் தொப்புள் பக்கம் புடைத்து நிற்கும் கட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பைபாஸுக்குப் பிறகு வரும் உள் குடலிறக்கம் வெளியே தெரியவே தெரியாது. இந்த அறுவை சிகிச்சையில் சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து, சிறிதாக்கிய இரைப்பையோடு இணைக்கிறார்கள். அப்போது குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கு நடுவே சந்துகள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பீட்டர்சன் இடைவெளி என்றே பெயர். தொடக்கத்தில் சவ்வில் இருக்கும் கொழுப்பு அந்தச் சந்தை அடைத்தாற்போல் இருக்கும். எடை இறங்க இறங்க அதுவும் கரையும், சந்து அகலும், ஒருநாள் குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும்.

அதனால்தான் "ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, எடையும் நன்றாகக் குறைந்துவிட்டது, இனி என்ன வரப்போகிறது?" என்று இருப்பதைப் பெரிய தவறு என்கிறேன். நன்றாக எடை குறைந்த அந்தக் கட்டத்தில்தான் இது அதிகம் தலைகாட்டுகிறது. பல வருடங்கள் கழித்தும் வரலாம்.

இதன் அடையாளம், சாப்பிட்ட பின் மேல்வயிற்றைப் பிசைவது போன்ற வலி; சில சமயம் முதுகு வரை போகும். கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். நுழைந்த குடல் தானே வெளியே வந்துவிடுவதால் கிடைக்கும் நிம்மதி அது. வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருப்பதில் வியப்பில்லை. எண்டோஸ்கோப்பி செய்தாலும் சிக்கல் இருக்கும் இடம் வரை அந்தக் குழாய் போகாது. எனவே 'ரிப்போர்ட் நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி, திரும்பத் திரும்ப வரும் வலியை விட்டுவிடக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவை விட்டு, உள்ளே பார்ப்பதே கடைசி வழி. வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் சகஜம். கல்லைக் கண்டதும் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிடுவதும் நடக்கிறது.

வலி தாங்காமல் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை விழுங்குவது இரட்டைத் தவறு. வலியை மறைக்கும்; பைபாஸ் இணைப்பில் புண்ணையும் உண்டாக்கும். கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளுவதால் கடைசி மாதங்களில் ஆபத்து கூடுகிறது. அந்த வலியைப் பிரசவ வலியாகவோ நெஞ்செரிச்சலாகவோ எடுத்துக்கொண்டால் நேரம் போய்விடும்.

அறுவை சிகிச்சைக்கு முன் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தச் சந்துகளைத் தைத்து மூடுவீர்களா?" ஸ்வீடனில் 12 மருத்துவமனைகளில் 2,507 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடல் அடைப்புக்காக மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள், மூடாதவர்களில் 10.2 சதவீதம்; மூடியவர்களில் 5.5. ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. மூடிய சந்தும் உடல் மெலிந்த பிறகு திறந்துகொள்ளலாம்.

வெளியே தெரியும் குடலிறக்கம், அறுவை சிகிச்சைக்காக வயிற்றில் துளை போட்ட இடங்களில் வரும். புகை, தீராத இருமல், மலச்சிக்கல், புரதக் குறைவு எல்லாம் அதற்கு வழிவிடும். பெல்ட் கட்டினால் வராது என்பது வெறும் நம்பிக்கை. தொங்கும் தோல்தானே என்று விட்டுவிடாமல், எழுந்து நின்று இருமிப் பாருங்கள். புடைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புடைப்பு உள்ளே போகாமல் வலித்தால் அன்றே போக வேண்டும்.

நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களில் சிலருக்குத் தங்களுக்கு நடந்தது ஸ்லீவா பைபாஸா என்றே சொல்லத் தெரிவதில்லை. "துளை போட்டுச் செய்தார்கள்" என்பதோடு சரி. ஸ்லீவ் என்பது இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்குவது; குடலை வெட்டுவதில்லை, ஆகவே இந்தச் சந்துகளும் இல்லை. பணியில் இருக்கும் மருத்துவர் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இதனால் மாறிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் ஒருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.