கன்சல்டிங் டீமில் ஒருவரை வளர்த்துவிடுவது எப்படி: புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு

நேற்றுவரை உங்கள் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்று நான்கு பேரின் பெயரைக் கொடுத்து, "இவர்களுடைய கரியர் இனி உங்கள் பொறுப்பு" என்று ஒரு மெயில் வருகிறது. கூடவே எச்ஆர் அனுப்பிய வளர்ச்சித் திட்டப் படிவம். படிவத்தை நிரப்ப அரைமணி நேரம் போதும். நிரப்பிய பிறகு ஏன் எதுவுமே நடப்பதில்லை என்பதுதான் கேள்வி.

எனக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. கன்சல்டிங்கில் ஒருவர் வளர்வதும் தேங்குவதும், அடுத்த ப்ராஜெக்டில் எந்த வேலை அவர் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்கிற ஸ்டாஃபிங் ஆட்கள் உங்கள் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. உங்கள் படிவத்தையும் அவர்கள் எடுக்கும் முடிவையும் இணைப்பதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒன் டு ஒன் மீட்டிங்கை எப்படி நடத்துவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: பழைய ப்ராஜெக்டுகளை அட்டவணை போடுங்கள்

நீங்கள் வளர்க்க நினைப்பவரிடம் பேசுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் நான்கு கட்டங்கள்: அவர் செய்த பகுதி எது, அதை கிளையன்ட் முன்னால் பேசியவர் யார், புதிதாகக் கற்றது என்ன, அந்த ப்ராஜெக்ட் மேனேஜர் மறுபடி அவரைக் கேட்டாரா.

இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். எக்செல் மாடல் நன்றாகப் போடுகிறவரை எல்லோரும் எக்செல் மாடலுக்கே கூப்பிடுகிறார்கள். ஐந்தாவது ப்ராஜெக்டிலும் மாடல் அவருடையது, பேச்சு வேறொருவருடையது. கெட்டிக்காரர் என்பதாலேயே ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்.

படி 2: எந்தத் திசை என்று கேளுங்கள்

பார்ட்னர் (நிறுவனத்தின் பங்குதாரர்) ஆகும் பாதையா, ஒரு துறையில் ஆழமான நிபுணர் ஆவதா, சில வருடங்களில் கிளையன்ட் பக்கம் போய்விடுவதா? மூன்றாவதைக் கேட்கப் பலர் தயங்குவார்கள். தயங்காதீர்கள். மெக்கின்ஸி போன்ற கன்சல்டிங் நிறுவனங்கள் வெளியே போனவர்களுக்கென்றே தனி வலையமைப்பு வைத்திருக்கின்றன. இன்று போகிறவர் நாளை வேலை கொடுக்கிற கிளையன்ட் ஆகலாம்.

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்றால் அதுவும் சரிதான். அவசரப்படுத்த வேண்டாம்.

படி 3: ஒரே ஒரு இலக்கை எழுதுங்கள்

ஐந்து இலக்குகள் எழுதினால் ஐந்தும் நடக்காது. கன்சல்டிங்கில் பொதுவாக, அடுத்த நிலையின் வேலையை ஏற்கெனவே செய்து காட்டியவருக்குத்தான் ப்ரமோஷன் வரும். அதனால் அடுத்த நிலையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்து இலக்கை எடுங்கள். அனலிஸ்ட் என்றால் ஒரு பகுதியை முழுசாகத் தன் பொறுப்பில் முடிப்பது. கன்சல்டன்ட் என்றால் கிளையன்ட்டை நேரடியாகக் கையாள்வது. அதற்கும் மேலே போகப் போக, புது வேலையைப் பிடித்துக்கொண்டு வருவது.

படிவங்களில் வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்த வேண்டும்." இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி மாற்றுங்கள்: "கிளையன்ட்டின் நிதித்துறைத் தலைவருடன் நடக்கும் வாராந்திரக் கூட்டத்தில் செலவுக் கணக்குப் பகுதியை இவரே பேசி, கேள்விகளுக்கும் இவரே பதில் சொல்ல வேண்டும்." இப்போது அது நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். எந்த மாதிரி ப்ராஜெக்ட் தேவை என்பதும் தெரிந்துவிடுகிறது.

படி 4: இலக்கை ஸ்டாஃபிங்கிற்குள் கொண்டுபோங்கள்

பெரும்பாலான திட்டங்கள் செத்துப்போவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. வாரம் 40 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 2080. யூடிலைசேஷன் (வேலை நேரத்தில் கிளையன்ட்டுக்கு பில் ஆகும் பங்கு) இலக்கு 80 சதவீதம் என்று வைத்தால் 1664 மணி நேரம் கிளையன்ட்டுக்கு பில் ஆக வேண்டும். மிச்சம் 416, அதாவது 52 வேலை நாட்கள். விடுப்பு, பண்டிகை விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், ப்ரொபோசல் (புது ப்ராஜெக்டைப் பிடிக்க கிளையன்ட்டுக்கு எழுதும் முன்மொழிவு) வேலை, உள் கூட்டங்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பயிற்சிக்கு ஒதுக்க என்ன இருக்கிறது? கற்றுக்கொள்வது பில் ஆகிற நேரத்துக்குள்ளேயே நடந்தால்தான் உண்டு. (70-20-10 என்ற விதியை எச்ஆர் ஸ்லைடில் பார்த்திருப்பீர்கள். வேலையில் 70, பிறரிடமிருந்து 20, வகுப்பில் 10. நிர்வாகிகள் தாங்கள் எப்படிக் கற்றோம் என்று நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து வந்த எண்கள் அவை. துல்லியமான அளவீடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

அடுத்து நேரம். ஸ்டாஃபிங் கூட்டத்தில் போய்ப் பேசினால் தாமதம். அங்கே பெயர்கள் ஏறக்குறைய முடிவாகித்தான் வரும். ப்ரொபோசலில் டீமில் யார் யார் என்ற பக்கத்தை எழுதும்போதே பேச வேண்டும். எந்தெந்த ப்ரொபோசல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை வாரம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

நான் அனுப்புகிற மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இவர் இப்போதைய ப்ராஜெக்டிலிருந்து 15-ந் தேதி விடுபடுகிறார், அங்குள்ள மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்ததில் கிளையன்ட்டிடம் நேரடியாகப் பேசுகிற பொறுப்பு வேண்டும். மாடல் வேலை மட்டும் என்றால் தயவுசெய்து முதலில் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். முதல் இரண்டு கூட்டங்களுக்கு நானும் கூட வருகிறேன்."

கடைசி வாக்கியம்தான் காரியத்தைச் சாதிக்கிறது. புது ப்ராஜெக்ட் மேனேஜரின் பயம் நியாயமானது. ஏற்கெனவே செய்து காட்டியவரைத்தான் அவர் கேட்பார், சொதப்பினால் கிளையன்ட் முன்னால் நிற்பவர் அவர். அந்த ரிஸ்க்கில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஒப்புக்கொள்வார். அப்போதும் மறுத்தால் பொறுப்பைச் சின்னதாக்குங்கள்: முதல் கூட்டத்தில் உடன் இருப்பது, அடுத்ததில் இரண்டு ஸ்லைடு பேசுவது, அதற்கடுத்து முழுப் பகுதி.

நீங்கள் கூட உட்காரும் நேரம் கிளையன்ட்டுக்கு பில் ஆகாது. அதை எந்தக் கணக்கில் போடுவது என்று பார்ட்னரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்காமல் விட்டால் மாதக் கடைசியில் உங்கள் யூடிலைசேஷன்தான் அடி வாங்கும். அப்புறம் அடுத்த தடவை கூடப் போக உங்களுக்கே மனசு வராது.

படி 5: ஃபீட்பேக்கை அன்றே சொல்லுங்கள்

ப்ராஜெக்ட் முடிந்த பிறகு வரும் ஃபீட்பேக் ஆறிய கஞ்சி. கூட்டம் முடிந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். எந்தச் சூழல், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, இந்த மூன்றும் இருந்தால் போதும். "கிடங்குச் செலவைப் பற்றி அவர் கேட்டதும் உடனே அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டீர்கள். நாம் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்." இதைக் கேட்டவருக்கு அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். "இன்னும் தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்றால் தெரியாது.

ப்ராஜெக்ட் முடிவில் மேனேஜரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இவரை மறுபடி உங்கள் டீமில் எடுப்பீர்களா? டெலாய்ட் என்ற கன்சல்டிங் நிறுவனம் 2015-ல் தன் மதிப்பீட்டு முறையை மாற்றியதை வெளியே சொன்னபோது, பழைய முறைக்கு வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் மணி நேரம் போனதாகக் கணக்குக் காட்டியது. புதிய முறையில் டீம் தலைவரிடம் கேட்ட நான்கு கேள்விகளில் இதைப் போன்ற ஒன்றும் உண்டு. ஒருவரின் திறமைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு அளவுகோல். தான் என்ன செய்வேன் என்பதைச் சொல்வதில் அந்தக் குழப்பம் குறைவு.

படி 6: ப்ரமோஷன் கமிட்டிக்கு ஒரு பக்கம்

படி 1-ல் போட்ட அட்டவணையைத் தொடர்ந்து நிரப்பி வந்திருந்தால் இந்த ஒரு பக்கம் தானாகவே வந்துவிடும். ஆனால் அறைக்குள் அவருக்காக வாய் திறக்க ஒரு பார்ட்னர் வேண்டும், அவர் உங்கள் ஆளின் வேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும். படி 4-ல் ப்ராஜெக்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி: எச்ஆர் போர்ட்டலில் கேட்டதைக் கடமைக்கு நிரப்பிவிட்டு, உண்மையான வேலையை நீங்களும் அவரும் சேர்ந்து எழுதுகிற ஷீட்டில் வையுங்கள். போர்ட்டலை வருடத்துக்கு இரண்டு முறைதான் யாரும் திறக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

"என் ஆள் பெஞ்சில் இருக்கிறார், ப்ராஜெக்டே இல்லை, என்ன செய்வது?" ப்ரொபோசல் வேலையில் போடுங்கள். பார்ட்னர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆன்லைன் சான்றிதழ்களை வரிசையாக முடிக்கச் சொல்லாதீர்கள். அதைப் பார்த்து யாரும் ப்ராஜெக்டுக்கு எடுக்க மாட்டார்கள், குறிப்பிட்ட மென்பொருளை நிறுவித் தருகிற வேலைகள் மட்டும் விதிவிலக்கு.

"இப்போதைய மேனேஜர் ஆளை விடவே மாட்டேன் என்கிறார்." நல்லவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். விடுபடும் தேதியை ப்ராஜெக்ட் தொடங்கும்போதே பேசி மெயிலில் போட்டுவிடுங்கள், மாற்று ஆளின் பெயரோடு. அந்த மாற்று ஆளுக்கு மாடல் வேலை கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் இன்னும் நல்லது. கடைசி இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து உட்காரட்டும்.