‘எதுவானாலும் சரி அக்கா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

போன வாரம் எங்கள் சமையல் வாட்ஸ்அப் குழுவில் திருப்பூர்ப் பெண் ஒருத்தி, மே மாத விடுமுறையில் ராமேஸ்வரம் போவதாகவும், அப்படியே பாம்பனில் இருக்கும் எங்கள் குழு அக்காவை நேரில் பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: “என்ன சமைக்கணும்னு கேட்டாங்க. எதுவானாலும் சரி அக்கான்னு சொல்லிட்டேன்.” பக்கத்தில் இரண்டு சிரிப்புப் பொம்மைகள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை இதே அக்காவிடம் 2018இல் நானும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வரும்.

மதுரையிலிருந்து கிளம்பி தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று அந்தக் கடற்கரையில் போனில் மட்டும் பழகிய சமையல்காரர்களின் வீட்டுக்குப் போவது எனக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். சொல்லாமல் போய் நிற்காதீர்கள், போகிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், முதல் தடவை துணையோடு போங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன். விவரமானவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

நாள் பார்க்காமல் கிளம்புவது

நமக்கு விடுமுறை என்றால் மே மாதம். கடலுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் போகும், மீன் அடியோடு இல்லாமல் போகாது. ஆனால் வரத்து குறைவு, விலை ஏறிவிடும்.

மற்ற மாதங்களிலும் கிழமைக் கணக்கு உண்டு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அப்படியென்றால் விசைப்படகு மீன் கரையில் குவிவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில். இதைத் தெரிந்துகொள்ளாமல் திங்கள்கிழமை போய் நின்றுகொண்டு “என்னங்க, இவ்வளவுதானா மீன்?” என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டால் இங்கே வேலைநிறுத்தம் வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தியைப் பாருங்கள். பிடிபட்ட படகில் அந்தத் தெரு ஆள் யாராவது இருப்பார். அந்த நேரத்தில் விருந்து சாப்பிட நாம் போய் உட்காரக் கூடாது. கீழக்கரை முஸ்லிம் வீடு என்றால் வெள்ளிக்கிழமை மதியத்தையும் நோன்பு மாதத்தையும், கிறிஸ்தவ வீடு என்றால் தவக்காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘எதுவானாலும் சரி’

இப்போது என் கதை. தடைக்காலம் பற்றி 2018இல் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது பழைய கணக்கு. முன்பெல்லாம் அது 45 நாள், மே 29 உடன் முடிந்துவிடும். 2017இல் அதை 61 நாளாக நீட்டியிருந்தார்கள். நான் பழைய கணக்கிலேயே ஜூன் முதல் வாரத்தில் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு பாம்பனுக்குப் போய் இறங்கினேன்.

அந்த அக்காவின் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். படகு கரையில் நின்றால் வீட்டில் வரும்படி கிடையாது. அரசு தருகிற தடைக்கால நிவாரணம் எந்த மூலைக்குக் காணும்? இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆறு மாதமாக அவர் முரல் கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கில் எச்சில் ஊற வைத்திருந்தார். அதற்காகவே போனேன். ஆனால் “என்ன செய்யட்டும்?” என்று அவர் கேட்டபோது, மரியாதை என்று நினைத்துக்கொண்டு, “எதுவானாலும் சரி அக்கா” என்றேன்.

இலை போட்டார்கள். சிக்கன் பிரியாணி, சிக்கன் 65, அவித்த முட்டை, வஞ்சிர வறுவல். வஞ்சிரம் ராமநாதபுரம் மார்க்கெட்டிலிருந்து ஐஸில் வந்தது. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தெருமுனைக் கடையிலும் அது நன்றாகத்தான் இருக்கும்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். விறகடுப்பில் மண்சட்டி. முரல் கருவாடு, கத்தரிக்காய், மாங்காய்த் துண்டு, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கிறது. அக்காவின் மாமியாரும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து அதை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அக்கா, இது?”

“அது எங்களுக்குத்தா. வந்தவளுக்குக் கருவாட்டையா ஊத்துறது?”

வயிற்றில் இடமில்லை. வெட்கத்தை விட்டு ஒரு கரண்டி கேட்டு வாங்கி நக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

நன்றாகப் பழகிய பிறகு, இரண்டு வருடம் கழித்து, போனில் பேச்சுவாக்கில் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு மீனும் கோழியும் வாங்கியது மகளிர் குழுவில் எடுத்த கடனில். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?” என்றேன். “நீதானத்தா எதுவானாலும் சரின்னே. எதுவானாலும்னா நான் என்னன்னு நெனைக்கிறது?” என்றார்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கரையில் சூடை, காரல் மாதிரிச் சின்ன மீன்கள், கருவாடு, பழைய சோறு எல்லாம் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது. விருந்தாளிக்கு வைப்பது கடையில் காசு கொடுத்து வாங்கியது. ‘எதுவானாலும்’ என்று நீங்கள் சொன்ன நிமிஷம், சாப்பாட்டை முடிவு செய்யும் பொறுப்பு அவருடைய கையை விட்டு அவருடைய கௌரவத்தின் கைக்குப் போய்விடுகிறது. சீதக்காதி பிறந்த சீமை. கௌரவம் கணக்குப் பார்க்காது. அவருக்குக் கடன், உங்களுக்குத் தெருமுனைப் பிரியாணி.

“வீட்டுல எப்பவும் செய்றதையே செய்யுங்க” என்று சொன்னாலும் பலிக்காது. சொல்லிப் பார்த்திருக்கிறேன். “சரி சரி” என்பார்கள், கோழி வந்துவிடும். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். “நீங்க அன்னைக்குச் சொன்ன கருவாட்டுக் குழம்பு, வெறும் சோறு. அதுக்குத்தான் வர்றேன். வேற எது வச்சாலும் கை நனைக்க மாட்டேன்.” கொஞ்சம் மிரட்டலாகவே சொல்லுங்கள். தவறில்லை.

அப்புறம், சாப்பாட்டு நேரத்துக்குப் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஏலம் நடக்கிற கரைக்கு அவரோடு கூடவே போங்கள். வீட்டில் வைத்துப் பணம் நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கவும் வேண்டும். கூடையில் மீன் விழுகிற இடத்தில் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால் கோபிக்க நேரம் இருக்காது. திரும்பி வந்து அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்களும் மீன் ஆயுங்கள். செதிலைத் தெறிக்கவிட்டு அவர்களிடம் திட்டு வாங்கினால் நல்லது. அதற்குமேல் உங்களை விருந்தாளியாக நடத்த மாட்டார்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். நான் சின்ன வெங்காயமும் செக்கு நல்லெண்ணெயும் கொண்டுபோவேன். அன்றைய குழம்பிலேயே அது போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது போகிறவர்கள் எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்து, “அக்கா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன், வெளிச்சம் பத்தலை” என்று கேமராவை நீட்டுகிறார்களாம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

மீன் பெயரை நம்புவது

கடற்கரையில் முப்பது கிலோமீட்டர் போனால் மீன் பெயர் மாறிவிடும். சீலா என்றால் ஓர் ஊரில் வஞ்சிரம், இன்னோர் ஊரில் பல் நீண்ட ஊளி. “சீலா செய்யட்டுமா?” என்று போனில் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, தட்டில் வந்ததைப் பார்த்து முழித்திருக்கிறேன். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

எத்தனை பேர், யார் யார் என்று சொல்லாமல் போவது

கீழக்கரையில் எனக்கு ஒரு லாத்தா உண்டு. அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாசி போட்ட சம்பலும் தேங்காய்ப்பால் மீன் ஆனமும் கற்றுக்கொடுத்தவர். குழம்பு என்றால் அவருக்குச் சிரிப்பு வரும், ஆனம்தான். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டைபோல் காயவைத்தது. தட்டித்தான் உடைக்க வேண்டும். இலங்கைச் சமையலில் இருக்கிற அதே சாமான்தான். அந்தக் கடல் இரண்டு கரைக்கும் பொது.

முதல் தடவை “நான் வர்றேன் லாத்தா” என்று மட்டும் சொல்லியிருந்தேன். காரை ஓட்டி வந்த கணவரும், சும்மா ஊர் பார்க்க வந்த கொழுந்தனும் வாசலில் இறங்கினார்கள். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் வெளிநாட்டில். வந்த ஆண்களோடு முன்கட்டில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைக் கடையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவன் பாவம், என் கொழுந்தனோடு கிரிக்கெட் பேசியே ஓய்ந்துபோனான். உள்ளே லாத்தா, எனக்குச் சொல்லித்தர எடுத்துவைத்த சாமான்களை ஒதுக்கிவிட்டு, முன்கட்டுக்குத் தட்டுத் தட்டாக இடியப்பமும் ஓட்டு மாவும் அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் சேர்ந்து சமைப்பதாக இருந்தது. அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

ஆண்கள் வந்தால் தப்பில்லை. முன்கூட்டிச் சொன்னால் அதற்குத் தக்க ஏற்பாடு செய்வார்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை என் வீட்டுக்காரரை ஏர்வாடி தர்காவில் இறக்கிவிட்டு நான் மட்டும் போனேன். அன்றைக்குத்தான் சமையலறைக்கு அப்பால் இருந்த கொல்லையையும் அம்மியையும் பார்த்தேன்.

தொதல் கிண்டிக் காட்டச் சொல்வது

தொதல் என்பது அல்வாபோல ஓர் இனிப்பு. தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி. கேட்க எளிதாக இருக்கும். மணிக்கணக்கில் கை ஓயக் கிண்ட வேண்டும். கீழக்கரைக் கடைகளில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் சாப்பிடுவது

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் புரோட்டா வாசனை இழுக்கும். நடையைக் கட்டுங்கள்.

ஒரே நாளில் இரண்டு வீடு

வேண்டாம்.

அளவை மட்டும் எழுதிக்கொண்டு வருவது

நோட்டும் பேனாவுமாகப் போய் “எத்தனை ஸ்பூன்?” என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, மதுரையில் அதையே செய்து பார்த்தேன். நிறம் வேறு, காரம் வேறு. புளியைக் குற்றம் சொன்னேன், சட்டியைக் குற்றம் சொன்னேன். கடைசியில் பார்த்தால் மிளகாய். அங்கே குழம்பில் விழுவது ராமநாதபுரம் குண்டு மிளகாய், அதாவது முண்டு. உருண்டையாக, தோல் தடிப்பாக இருக்கும். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் போட்டது எங்கள் கடையில் கிடைத்த நீள மிளகாய். கத்தரிக்காயாவது எல்லா ஊரிலும் இருக்கிறது. மிளகாயை அங்கிருந்தே வாங்கி வாருங்கள். ஒரு கிலோ போதும், வருடம் ஓடும். கூடவே சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

கருவாட்டைப் பேருந்தில் கொண்டுவருவது

மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கு. துணிப்பையில் கொண்டுவந்து பரமக்குடி வரைக்கும் கண்டக்டரிடம் பேச்சு வாங்கியவள் சொல்கிறேன்.

கரையில் கிடப்பதைப் பையில் போடுவது

பவளப்பாறைத் துண்டு அழகாகத்தான் இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. நினைவுக்கு ஒன்று என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களால் அந்த வீட்டுக்காரர் வனத்துறைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

திருப்பூர்ப் பெண்ணுக்கு அன்று இரவே போன் போட்டு இதில் பாதியைச் சொன்னேன். அவள் உடனே அக்காவுக்கு, கருவாட்டுக் குழம்பு தவிர வேறெதுவும் சாப்பிட மாட்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையிலேயே பாம்பனிலிருந்து எனக்கு அழைப்பு.

“அந்தப் பொண்ணு கருவாடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது. நீதான் சொல்லிக்குடுத்தியா?”

“ஆமாக்கா.”

“சரி. கருவாடே வைக்கிறேன். ஆனா சின்னப் பிள்ளைகளும் வருதாம்ல. கூட ஒரு அரைக் கிலோ கோழி மட்டும்...”

வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். ‘ம்’ கொட்டினார். கேட்பார் என்று தோன்றவில்லை.