கடலோர வீட்டுக்கு சிசிடிவி: கோளாறு முனையில்தான் தொடங்கும்

கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில், அதாவது தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் மாட்டும் கேமராவில் முதலில் கெடுவது லென்ஸ் அல்ல, அதன் வாலில் தொங்கும் பிளக் முனைகள்தான். உப்புக்காற்று பட்டுப் பட்டு செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறும். முதலில் படத்தில் கோடு ஓடும். பிறகு மழை நாளில் மட்டும் படம் போகும். கடைசியில் ஒரேயடியாக நின்றுவிடும். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும் தூசி, தண்ணீர்த் தடுப்புத் தரம் கேமராவின் உடம்புக்கு மட்டும். அந்த முனைகளுக்கு அல்ல.

ஆகவே ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னாலும் மூடியுள்ள பிவிசி பாக்ஸ் ஒன்றை வைத்து, முனைகளை அதற்குள் அடக்குங்கள். கேபிள் பாக்ஸின் அடிப்பக்கத் துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். நுழையுமுன் அரைச் சாண் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும். கேபிளில் வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முனையைச் செருகியபின், இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் ஒரு சுற்று போடுங்கள். சாதாரண டேப் மட்டும் என்றால் வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். துளையை அடைக்கும் சிலிக்கானை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அமிலம் விடும் ரகம், செம்பை அதுவே அரித்துவிடும். அமிலம் விடாத நியூட்ரல் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். திருகு எஸ்எஸ் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304-இலும் கடலோரத்தில் துருப்புள்ளி விழும்.

கேபிள் வாங்கும்போது கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் இந்த ஊர்க் காற்றுக்கு வேண்டவே வேண்டாம். நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமரா என்றால் கேட்6 (Cat6) எனும் நெட்வொர்க் கேபிள், ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்குள். நடுவில் ஒட்டுப்போடாதீர்கள்.

பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் கேமராவைக் கழற்றி மாற்றாதீர்கள். இரவில் கேமராவிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் ஐஆர் விளக்கு எரியும்போது கரண்ட் கூடுதலாக இழுக்கும். கேபிள் மெலிந்ததாகவோ நீளமாகவோ இருந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். ராத்திரியில் கேமரா முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் கேமராவுக்கு 11-க்குக் கீழே காட்டினால் குற்றம் கேபிளிலோ அடாப்டரிலோதான்.

பொருத்தும் உயரம் எட்டிலிருந்து பத்து அடி. அதற்கு மேலே போனால் தலைதான் பதியும், முகம் பதியாது. 2.8 மி.மீ. லென்ஸ் வாசல் முழுவதையும் காட்டும், ஆனால் பன்னிரண்டு அடி தாண்டிய முகம் மங்கும். கேட் தூரமாக இருந்தால் அதற்கென்று 6 மி.மீ. ஒன்று தனியாக வேண்டும். கிழக்கே கடலைப் பார்க்க வைத்தால் விடியலில் படம் வெளுத்துவிடும். பக்கத்து வீட்டு ஜன்னலும் படத்தில் விழக்கூடாது. செட்டிங்கில் அந்த இடத்தை மறைத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு எளிது. 2 எம்பிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில், பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி எடுக்கும். நான்கு கேமராவுக்கு 1 டிபி பதினொரு நாள்தான் வரும். ஒரு மாதம் முழுக்க வேண்டுமென்றால் 3 டிபிக்குக் குறையக்கூடாது. கம்ப்யூட்டர் டிஸ்க் இரவும் பகலும் எழுதத் தாங்காது, கண்காணிப்புக் கேமராவுக்கென்றே வரும் சர்வைலன்ஸ் ரகமே போடுங்கள்.

அந்த டிஸ்க் இருக்கும் ரெக்கார்டரைத் தரைத்தளத்தில் மேசைக்கடியில் வைப்பது பெரிய தவறு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தோளுயரத்துக்கு மேல் பூட்டுள்ள அலமாரியில், காற்றோட்டத்தோடு வையுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்று ரெக்கார்டருக்கும் கேமராக்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும். ரெக்கார்டருக்கு மட்டும் கொடுத்தால் கரண்ட் போனதும் இருட்டைத்தான் பதியும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். கதவுக்கு மின்காந்தப் பூட்டு போட்டிருந்தால், கரண்ட் நின்றால் அது திறந்துவிடும். ஆகவே சாதாரணத் தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

கண்ணாடியில் படியும் உப்பும் சிலந்தி வலையும் இரவில் ஐஆர் பட்டு வெள்ளையாக மின்னி, படம் பால் ஊற்றியது போலாகும். மாதம் ஒருமுறை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பே கீறிவிடும். அன்றைக்கே ரெக்கார்டரின் நேரம் சரியா என்று பார்த்து, போன வாரத்து இரவு ஒன்றிலிருந்து ஒரு நிமிடத்தை பென்டிரைவில் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.